தலைவாசலில் தொங்கிய வளையம்

1

இன்று காலை ஆபீசில் ஓர் உத்தரவை நானே டைப் அடித்து, நானே எனக்கு அனுப்பி, பெற்றுக்கொண்டதாக நானே கையெழுத்தும் போட்டேன். தோட்டத்து உத்தியோகஸ்தர்கள் எல்லோரும் தங்கள் வீடுகளைப் பண்டிகைக்குரிய முறையில் அலங்கரிக்க வேண்டும். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் சாயங்காலம் துரையின் மனைவி துரைச்சாணி அம்மாள் வீடு வீடாக வந்து பார்வையிடுவார். சிறந்த வீட்டுக்கு ஒரு டின் பிஸ்கோத்து பரிசு. பண்டிகைக்குரிய முறை என்றால் என்னவென்று எங்களுக்குத் தெரியாமல் போய்விடுமே என்று அதையும் அடியில் விளக்கியிருந்தார்: ஜன்னலில் பஞ்சு, கூடத்தில் ஒரு மரம், தலைவாசல் கதவில் இலைவளையம்.

பஞ்சு எதற்கு என்று ஊரில் இருக்கிறவர்கள் கேட்பீர்கள். அது பனி. சீமையில் மார்கழி மாதத்தில் கூரைமேல் பனி கொட்டுமாம். இங்கே கொட்டாதது அந்த அம்மாளுக்குப் பெரிய மனக்குறை. ஆனால் நுவரெலியாவுக்கு மேலே இருக்கும் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் பனி இல்லாமலும் இல்லை. தை பிறந்தால் சில விடியற்காலைகளில் தரையில் உப்புத் தூவினதுபோல் படிந்து, கொழுந்தையெல்லாம் கருக்கிவிடும். கொழுந்து கருகினால் லயத்தில் இருக்கிற கூலிகளுக்கு வேலை இல்லை, அடுப்பும் இல்லை. துரை இரவெல்லாம் அந்தப் பனிக்குப் பயந்து கொண்டு உட்கார்ந்திருப்பார். துரைச்சாணி பங்களாவுக்குள்ளே கூடை கூடையாய்ப் பனியை ஒட்டிக்கொண்டிருப்பார். தேயிலை விலை விழுந்ததிலிருந்து எங்கள் சம்பளத்தில் பிடித்தம் உண்டு, ஆனால் பஞ்சுக்குப் பஞ்சம் வந்ததில்லை.

இதையெல்லாம் வழக்கம்போல் பல்லைக் கடித்துக்கொண்டு செய்துவிட்டுப் போயிருப்பேன். இந்த வருஷம் அப்படி முடியாது. என் அக்கா ரெபேக்காள் குலசேகரத்திலிருந்து கப்பலேறிக் கொழும்பு வந்து, தன் கொழுந்தன் வீட்டில் இறங்கியிருக்கிறாள். நாளை மறுநாள், அதாவது துரைச்சாணி வரும் அதே நாள், தன் இரண்டாவது மகனை அழைத்துக்கொண்டு என் மகள் எஸ்தரைப் பெண் கேட்க மலையேறி வருகிறாள். கொழும்பிலிருந்து வந்த ஆள் ஒருவரிடம் சொல்லியனுப்பியிருந்தாள்: போனது போகட்டும், பழசை மறந்தாயிற்று, ஆனால் அந்த வளையம் மட்டும் தன் கண்ணில் படக்கூடாது, அது தொங்கும் வாசலை மிதிப்பதில்லை என்று தான் சொன்ன சொல் சொன்னதுதான்.

அது எந்த வளையம், என்ன சொல் என்பதை எழுதத்தான் உட்கார்ந்தேன்.

2

தக்கலைக்கு மேற்கே இருக்கிறது எங்கள் ஊர். அங்கே கிறிஸ்துமஸ் என்றால் முதலில் சுண்ணாம்பு. வீட்டுக்குள் அரிசி இருக்கிறதோ இல்லையோ, சுவர் வெளுத்திருக்க வேண்டும். பிறகு குருத்தோலை வெட்டித் தோரணம், வாசலில் இரண்டு குலைவாழை, ஈர்க்கிலைக் கட்டிக் கலர்க் காகிதம் ஒட்டின நட்சத்திர விளக்கு. பாதி வீடுகளில் அந்த நட்சத்திரம் முதல் நாளே தீப்பிடித்து எரிந்துவிடும். எரிந்தாலும் ஈர்க்கில் கூடு பொங்கல்வரை தொங்கும். அதை அவிழ்த்தெறிய எவனுக்கும் கை வராது.

இதை நான் ஏங்கிக்கொண்டு எழுதுவதாக யாரும் நினைக்க வேண்டாம். அந்த நாளில் எனக்கு அது அருவருப்பாக இருந்தது. மலைத் தோட்டத்தில் பெரிய கிளாக்கராகி, பங்களாவில் கண்ணாடி உருண்டைகளும் வெள்ளிச் சரிகையும் பார்த்தவனுக்குக் குருத்தோலை எப்படிப் பிடிக்கும்? ஊருக்குப் போகிற வருஷத்தில் நம் ஜனங்களுக்குப் பண்டிகை என்றால் என்னவென்று காட்டிவிட்டுத்தான் வருவது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்படி ஒரு வருஷம் வாய்த்தது. அக்காளின் மூத்த மகன் செல்வராஜுக்கு எஸ்தரைக் கொடுப்பது என்று வெகுநாளாய்ப் பேச்சு. அவன் குலசேகரத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் ரைட்டர். எதைக் கேட்டாலும் "அம்மெ சொல்லட்டும்" என்பான். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் அவர்கள் எங்கள் அண்ணன் வீட்டுக்கு வருவது, பண்டிகைக்கு மறுநாள் சபையார் முன்னிலையில் நிச்சயம், தை மாதம் கல்யாணம் என்று முடிவாகியிருந்தது. ஆகவே திரும்பி வருவதற்குக் கப்பல் டிக்கெட் எடுத்தபோது எனக்கும் என் மனைவி ஞானம்மாளுக்கும் மட்டும் எடுத்தேன். எஸ்தருக்கு எடுக்கவில்லை.

நாகர்கோவில் போர்டிங்கில் படித்த எஸ்தருக்குக் கண்டியில் உபாத்தியாயினிப் பயிற்சிக்கு இடம் கிடைத்திருந்தது. அதை வேண்டாம் என்று எழுதிவிடும்படி சொன்னேன். அவள் எழுதினாளா என்று நான் பார்க்கவில்லை.

3

பெட்டியில் ஏற்றிய சாமான்களைச் சொன்னால் சிரிப்பீர்கள். ஒரு தலையணையளவு பஞ்சு. வெள்ளிச் சரிகை. சைப்ரஸ் கிளையை வளைத்துச் சிவப்புக் காய்கள் செருகின வளையம் ஒன்று. பங்களாவில் துரைச்சாணியிடம் கற்றுக்கொண்டு எஸ்தரே கட்டினது. நாலு நாள் பயணத்தில் வாடாத இலை அது.

தூத்துக்குடியில் இறங்கி, ரயிலில் திருநெல்வேலி வந்து, அங்கிருந்து மோட்டார் பஸ் பிடித்தோம். ஆரல்வாய்மொழிச் சாவடியில் பஸ்ஸை நிறுத்தினார்கள். திருவிதாங்கூர் மகாராஜாவின் எல்லைக்குள் ஒரு மனிதன் நுழைவதற்குள் அவன் பெட்டியின் அடிவரைக்கும் கவிழ்த்துவிடுவது அங்கே வழக்கம். கொழும்புச் சேலைகள் நாலைந்து வைத்திருந்த ஞானம்மாளின் முகம் வெளுத்துப்போயிற்று. சேவகன் பெட்டியைத் திறந்தான். மேலாக இருந்த வளையத்தையும் அதன் கீழே பஞ்சையும் பார்த்தான். என் முகத்தைப் பார்த்தான்.

"எங்கயாக்கும் கொண்டுபோறிய?" என்றான், குரலைத் தாழ்த்தி.

"எங்க அண்ணன் வீட்டுக்கு."

அவன் மூடியைத் தானே மெதுவாகச் சாத்தினான். "கொண்டு போங்க அண்ணாச்சி. இதுக்கெல்லாம் தீர்வையா போடுவாவ" என்று சொல்லிப் பெட்டியைத் தானே தூக்கிப் பஸ்மேல் வைத்தான். மற்ற எல்லோருடைய மூட்டைகளும் வெயிலில் பிரிந்து கிடந்தன. எங்கள் பெட்டியை ஒருவரும் தொடவில்லை.

எல்லாம் என் தொப்பியின் மகிமை என்று நினைத்தேன். சீமைத் தொப்பி வைத்தவனிடம் சர்க்கார் சேவகன் எப்படி அடங்கிப் போகிறான் பார் என்று ஞானம்மாளிடம் சொல்லியும் விட்டேன். எஸ்தர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சிரித்தாள். என்னவென்று கேட்டதற்கு ஒன்றுமில்லை என்றாள்.

4

இங்கே ஒரு சங்கதியை நான் விளக்கியாக வேண்டும். அன்றைக்கு எனக்கே தெரியாத சங்கதி அது.

நான் ஊரைவிட்டு வந்த பிறகு அங்கே ஒரு வெள்ளைக்கார மிஷனரி இறந்துபோனார். அவருடைய சவப்பெட்டியின்மேல் இலையும் பூவும் வைத்துக் கட்டின வளையம் ஒன்றை வைத்தார்கள். எங்கள் சபையார் அதைக் கண்ணாரக் கண்டார்கள். அதோடு சரி, நாலு காசு உள்ள எவனும் வளையமில்லாமல் சாக ஒப்புவதில்லை. யார் வீட்டில் சாவு விழுந்தாலும் முதல் காரியமாக வளையம் கட்டி, பெட்டி தயாராகும்வரை அதைத் தலைவாசல் கதவில் மாட்டிவிடுகிறார்கள். போகிற வருகிறவர்கள் அதைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியது. பஞ்சு எதற்கு என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. இறந்தவர் மூக்கில் வைப்பதற்கு அல்லாமல் எங்கள் பக்கத்தில் எவரும் பஞ்சைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலில் நிற்பதில்லை.

வெள்ளைக்காரன் தன் சந்தோஷத்துக்கு ஒரு வளையமும் துக்கத்துக்கு ஒரு வளையமும் வைத்திருக்கிறான். நம் ஜனங்கள் துக்கத்தை மட்டும் வாங்கிக்கொண்டார்கள். நான் மற்றதை வாங்கிக்கொண்டு போனேன். ஆளுக்கொரு பாதி பைத்தியம்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் காலையில் அண்ணன் பண்டிகைக்கு மீன் வாங்கத் தேங்காய்ப்பட்டணத்துக்குப் புறப்பட்டுப் போனார். அவர் பெண்சாதி இறந்து வெகுநாள் ஆயிற்று. அவர் போனதும் வீடு என் ராஜ்யம். வாசலில் அவர் கட்டியிருந்த குருத்தோலைத் தோரணத்தை அறுத்து எறிந்தேன். ஜன்னல் கம்பிகளில் பஞ்சு ஒட்டினேன். முற்றத்தில் சவுக்குக் கிளை ஒன்றை நட்டு அதன்மேலும் பஞ்சு. ஞானம்மாள் அடுப்படியில் முந்திரிக்கொத்து சுட்டுக்கொண்டிருந்தாள், அவள் எதையும் பார்க்கவில்லை. வளையத்தை எஸ்தரிடம் கொடுத்து மாட்டச் சொன்னேன்.

"வாசக் கதவுலயே மாட்டணுமாப்பா?" என்றாள்.

"பின்னே எங்கே மாட்டுவாங்க?"

"இந்த ஊரிலயும் வாசக் கதவுலதானாப்பா?" என்று மறுபடியும் கேட்டாள்.

ஊரைப் பார்த்துப் பயந்து கொண்டிருந்தால் ஒரு காலத்திலும் முன்னுக்கு வர முடியாது என்று அவளுக்கு ஒரு பிரசங்கம் செய்தேன். அவள் மாட்டினாள். தள்ளி நின்று பார்த்தேன். பங்களா வாசலே வந்து இறங்கினதுபோல் இருந்தது. மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கம்பளிக் குல்லாயைக் காதுவரை இழுத்து மாட்டிக்கொண்டு கூடத்தில் படுத்துத் தூங்கினேன். ஊரில் குளிர் இல்லை, ஆனாலும் குளிர்தேசத்தில் இருந்து வந்தவன் என்று தெரிய வேண்டாமா?

என் பெயரைச் சொல்லி யாரோ அழுகிற சத்தத்தில் விழித்தேன். என் அக்காளின் குரல். வாசலுக்கு வெளியே மாரில் அடித்துக்கொண்டு அழுகிறாள்.

"எனக்க தம்பியே, மலங்குளிருல சாவாம சொந்த ஊரு வெயிலுக்கு வந்தா செத்தே. தொரைக்குத் தேயில போட்டுக் குடுத்தே நீ தேஞ்சு போனியே ராசா."

நான் செத்துப்போனேன் என்பது எனக்கு விளங்கச் சற்று நேரமாயிற்று. எழுந்து போகலாம் என்று காலைக் கீழே வைத்தேன். அதற்குள் அடுத்த அடி வந்தது.

"எனக்க மவனுக்குக் கிளாக்கர் வேல வாங்கித் தாரேம்னியே தம்பி. தோட்டத்துக்குக் கூட்டிட்டுப் போறேம்னியே. இனி அவன எந்தத் தொரை கூப்பிடுவான். அந்த வேலய வாங்கிக் குடுத்திட்டாவது செத்திருக்கப்பிடாதா, எனக்கப் பொறப்பே."

இப்படி நான் யாருக்கும் வாக்குக் கொடுத்ததே இல்லை. என் மகளைக் கட்டிக்கொடுத்த பிறகு கேட்க வேண்டும் என்று அவர்கள் வைத்திருந்த கேள்வி அது. துக்கம் தாங்காமல் முன்கூட்டியே வந்துவிட்டது. சாவுக்கு முன்னால் எல்லோரும் உண்மை பேசுகிறார்கள் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

கதவைத் திறந்துகொண்டு வாசலுக்கு வந்தேன். முற்றம் நிறைய ஆட்கள். ஆண்கள் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு நின்றார்கள். மணியடிக்கும் கோயில்குட்டி எனக்காக ஓடிப்போய், கிறிஸ்துமஸ் ராத்திரி ஆராதனைக்குக் கழுவித் துடைத்து வைத்திருந்த மணியில் சாவுமணி அடித்துக்கொண்டிருந்தார். யாரோ மூங்கில் வெட்டப் போயிருந்தார்களாம். செல்வராஜ் மாட்டுவண்டியின் பின்னால், ஒரு பழக்குலையைக் கீழே வைப்பதா வேண்டாமா என்று தெரியாமல் பிடித்துக்கொண்டு நின்றான்.

அக்காள் என்னைப் பார்த்தாள். குல்லாயைப் பார்த்தாள். வளையத்தைப் பார்த்தாள்.

"ஏலே, நீ சாவலியா?" என்றாள்.

"இல்லக்கா."

"பின்ன அது எதுக்குலே தொங்குது?"

"அது அழகுக்காக்கும்."

அவள் அதற்குப் பிறகு அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. நான் ஓடிப்போய் வளையத்தைப் பிடுங்கி உள்ளே எறிந்தேன்.

"அவுத்தா சரியாயிருமா? தொங்கினது தொங்கினதுதான்" என்றாள் அக்காள். "ஒனக்காக அழுத வாயி இது. இந்த வாயால ஒனக்க மவள மருமவளேன்னு கூப்பிட முடியாது. இனி அந்த வளையம் தொங்குத வாசல நான் சவட்டவும் மாட்டேன்."

அதற்குள் போதகர் கறுப்பு அங்கி சகிதம் வந்து சேர்ந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, கிறிஸ்தவர்கள் சகுனம் பார்ப்பது பாவம் என்று அங்கேயே அரைமணி நேரம் பேசினார். எல்லோரும் தலையை ஆட்டினார்கள். ஞானம்மாள் காப்பி கொண்டுவந்து கொடுத்தாள். சாவு வீட்டில் எவரும் கை நனைப்பதில்லை, போகும்போது வருகிறேன் என்று சொல்வதும் இல்லை. போதகர் காப்பியைத் தொடவில்லை. வருகிறேன் என்று சொல்லாமல் எழுந்து போனார். அவருக்குப் பின்னால் முற்றத்தில் இருந்த அத்தனை பேரும் அப்படியே போனார்கள். அக்காளின் வண்டியும் போயிற்று. பழக்குலை வண்டியிலேயே போயிற்று.

அண்ணன் பொழுது சாயும் நேரத்தில் ஒரு கூடை மீனோடு வந்தார். அவரையும் வழியில் நாலு பேர் துக்கம் விசாரித்திருந்தார்கள். என்னைக் கண்டதும் கூடையை இறக்கிவைத்துவிட்டு, "எனக்கத் தோரணத்த எங்கலே போட்டே?" என்று மட்டும் கேட்டார்.

5

நிச்சயம் நடக்கவில்லை. அடுத்த வருஷம் பார்ப்போம் என்று அக்காள் சொல்லியனுப்பினாள். அந்த அடுத்த வருஷத்துக்குள் செல்வராஜுக்குச் சிதறாலில் பெண் பார்த்துக் கட்டிவைத்துவிட்டாள். நாங்கள் திரும்பும் வழியில் தூத்துக்குடியில் எஸ்தருக்கும் ஒரு டிக்கெட் எடுத்தேன். கப்பலில் ஞானம்மாள் அழுதுகொண்டே வந்தாள். நான் அவமானத்தில் தொப்பியை முகத்தின்மேல் இழுத்துவிட்டுக்கொண்டு படுத்திருந்தேன். எஸ்தர் மேல்தட்டில் நின்று கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்டிக்கு அவள் மறுப்பு எழுதவே இல்லை என்பது கொழும்பில் இறங்கின பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

பயிற்சி முடித்து இப்போது எங்கள் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் உபாத்தியாயினியாக இருக்கிறாள். லயத்துப் பிள்ளைகள் முப்பது நாற்பது பேரை ஒரே ஷெட்டில் உட்காரவைத்துக்கொண்டு தமிழும் இங்கிலீஷும் சொல்லிக்கொடுக்கிறாள். அவள் பேசும் தமிழில் இப்போது எங்கள் ஊர் வாடை குறைந்து, கண்டி வாடை ஏறியிருக்கிறது. சைக்கிள் விடுகிறாள். இதையெல்லாம் பார்த்து ஞானம்மாளுக்கு ராத்தூக்கம் இல்லை. அக்காள் வருகிறாள் என்று கேட்டதும் அவள் நாலைந்து வருஷத்துக்குப் பிறகு முதல்முதலாகப் பாட்டுப் பாடிக்கொண்டு மாவு இடித்தாள்.

6

உத்தரவின் நகலை வீட்டுக்குக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தேன். எஸ்தர் ஏற்கெனவே வளையம் கட்டிமுடித்திருந்தாள். சிவப்புக் காய்கூடச் செருகியாயிற்று.

ஞானம்மாள் அதைப் பார்த்ததும், "அதக் கொண்டுபோய் அடுப்புல போடு. மைனி வாசல்லேருந்து திரும்பிப் போயிருவாவ" என்றாள்.

"தொரைச்சாணி வந்து பார்ப்பாங்களே அம்மா" என்றாள் எஸ்தர்.

"பாத்தா பாக்கட்டும். பிஸ்கோத்து திங்காட்டி செத்தா போவோம்? நீங்க சொல்லுங்க."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கும் அக்காளை விலக்க மனசில்லை. அவள் உடன்பிறந்தவள். எனக்காக வாய்விட்டு அழுதவள். அழுகையில் வேலை விண்ணப்பம் கலந்திருந்தாலும் அழுகை அழுகைதானே. இரண்டாவது மகன் தங்கமானவன் என்று கேள்வி. பெண்ணுக்கு வயது ஏறுகிறது. வளையத்தை ஒளித்துவைத்துவிட்டு, துரைச்சாணியிடம் ஏதாவது பொய் சொல்லிக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தேன்.

"உனக்கு அன்னைக்கே தெரியுமா? ஊரிலே அது எதற்கு மாட்டுவாங்கன்னு?" என்று எஸ்தரைக் கேட்டேன்.

"நாகர்கோவில் போர்டிங்குல படிச்சப்போ ரெண்டு சாவு பார்த்திருக்கேம்பா."

"ஏன் சொல்லவில்லை?"

"ரெண்டு தரம் கேட்டேனேப்பா. நீங்கதானே மாட்டச் சொன்னீங்க?"

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஆரல்வாய்மொழியில் அவள் ஏன் சிரித்தாள் என்பது இத்தனை வருஷம் கழித்து விளங்கியது. தொப்பிக்குக் கிடைத்த மரியாதை என்று அடித்துக்கொண்ட தம்பட்டமும் ஞாபகம் வந்தது. நானே சிரித்துவிட்டேன்.

அவள் சிரிக்கவில்லை. "மாமிக்குப் பெரிய மகனுக்கு வேல வேண்டியிருந்தது. இப்போ சின்ன மகனுக்கு. எனக்கு ஒரு வேல இருக்குப்பா. அதை விட்டுட்டு நான் குலசேகரத்துக்குப் போகமாட்டேன்" என்றாள். குரலை உயர்த்தவில்லை. வகுப்பில் பிள்ளைகளிடம் பேசுகிற குரல்தான். கை மட்டும் வளையத்து இலையை ஒவ்வொன்றாகத் திருகிக்கொண்டிருந்தது.

இத்தனை வருஷமாக அவளிடம் ஒரு தரமாவது அவளுக்கு என்ன வேண்டும் என்று நான் கேட்டதில்லை. கப்பல் டிக்கெட்டைக்கூட என் கணக்குக்குத்தான் எடுத்தேன், எடுக்காமலும் விட்டேன்.

சுத்தியல் எங்கே என்று கேட்டேன்.

"நீங்களுமா?" என்றாள் ஞானம்மாள். "மைனி கடல் தாண்டி வாராவ. வாசல்ல நிறுத்தியா அனுப்புவிய?"

"ஏன் நிறுத்தணும்? அடுப்படி வழியாகக் கூட்டிக்கொண்டு வா. பின்கதவில் வளையம் இல்லை. வந்து சாப்பிடட்டும், ஒரு வாரம் தங்கட்டும், என் கட்டிலிலேயே படுக்கட்டும்."

ஞானம்மாளுக்குப் புரிந்துவிட்டது. எங்கள் பக்கத்தில் பெண் கேட்க வருகிறவர்கள் தலைவாசல் வழியாகத்தான் உள்ளே வர வேண்டும். அடுப்படி வழியாக வந்தவர்கள் எத்தனை நெருங்கின உறவானாலும் சாப்பிட்டுவிட்டுப் போகலாம், அந்தப் பேச்சை எடுக்க முடியாது. இது அக்காளுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

அக்காள் கோபித்துக்கொண்டால் உத்தரவைக் காட்டுவேன். துரைச்சாணி கட்டளை, மீறினால் வேலை போய்விடும் என்பேன். வேலை என்ற சொல்லுக்கு அக்காள் கட்டுப்படுவாள். அந்த வெள்ளைக்கார அம்மாளின் பைத்தியத்தை இத்தனை காலம் சுமந்ததற்கு எனக்குக் கிடைத்த ஒரே உபகாரம் இது. பிஸ்கோத்தை வேறு யாராவது தின்னட்டும்.

எஸ்தர் ஆணியை நீட்டினாள். கதவின் நடுவில் வைத்தேன்.

"இன்னும் கொஞ்சம் மேலப்பா" என்றாள். "கீழ் ரோட்டுலயிருந்தே தெரியணும்."

மேலே தள்ளி வைத்து அடித்தேன்.